ஒரு வருஷம் மூன்றரை மாதம்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் லேசான மூட்டம். எட்டு மணிக்கே வெயில். இன்று என் மானம் கப்பலேறியது.

செம்பூர் மைதானத்தில் மகளின் டீமுக்குக் கால் இறுதி. பதினாலு வயதுக்கு உட்பட்ட பெண்கள். இடைவேளைக்குப் பிறகு பந்து சர்ரென்று கோலுக்குள் போனது. நான் எழுந்து தொப்பியைக் கழற்றி ஆட்டி, "அப்படித்தான்! சபாஷ்!" என்று கத்தினேன். என்னைத் தவிர ஒருத்தரும் கத்தவில்லை. டீக்காரன் என் சட்டையை இழுத்தான்.

"அங்கிள், கோல் உங்களுக்கு விழுந்திருக்கு."

இரண்டு டீமும் பக்கம் மாறியதை மறந்துவிட்டேன். இருபது வருஷமாக ஹாக்கி பார்க்கிறவன்! எதிர் டீம் பெற்றோர் இரண்டு பேர் வந்து எனக்குக் கை கொடுத்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மகள் ஜெசிந்தா (மை மிச்சம் பிடிக்க, இனி ஜெ.) எங்கள் டீமின் கோச். கோட்டோரத்திலிருந்து திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். ஆட்டம் முடிந்ததும் வந்தாள். 3–1, ஜெயித்தோம்.

"ப்பா, செமி ஃபைனலுக்கு நீங்க கேட்டுக்கு வெளிய நில்லுங்க."

"வெளிய நின்னா என்னத்தட்டி தெரியும்?"

"தெரியாம இருக்கிறதுதான் நல்லது. என் பிள்ளைங்க உங்களப் பாத்துச் சிரிச்சு பந்த விட்டுட்டாங்க."

வலது ஓரத்தில் ஓடும் நஸ்ரீன் மட்டும் என் பக்கம். இரண்டு கோல் அடித்தவள். "பரவால்ல தாத்தா, கடைசி கோல் உங்களுக்காகத்தான் அடிச்சேன்" என்றாள். நல்ல பிள்ளை. ஆனால் தாத்தாவாம்.

சுகர்: பார்க்கவில்லை. (மருந்துக்கடையில் சும்மா கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்திலும் சுகருக்கு ஒரு கட்டம்.) பார்த்தால் ஏறியிருக்கும்.

பிப்ரவரி 4, புதன்

கடையில் கூட்டம். கடை என்றால் ஆறடிக்கு நாலடி, ஸ்டேஷன் ஓரம். ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன், எல்லா ஃபாரமும் நிரப்பித் தரப்படும். நான் பத்தாவது, அதுவும் இரண்டாம் தடவை. கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டால் வக்கீல் மாதிரி இருப்பேன்.

பிரிண்டர் இன்னும் சரியாகவில்லை. ஒரு வருஷமாக இடது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு விழுகிறது. டிரம் மாற்றணும் என்கிறான் மெக்கானிக். கேட்கிறவர்களிடம் "அது பார்டர்" என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் ஜெ. கடைக்கு வந்தாள். ஃபைனல் அன்றைக்குக் கொடுக்கும் நோட்டீஸில் கோச்சைப் பற்றிப் பத்து வரி வேண்டுமாம். அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்:

— பிறந்தது ஜூன் 1.
— தாராவி முனிசிபல் ஸ்கூல். ஐந்தாம் வகுப்பில் ஹாக்கி. (முதல் ஸ்டிக் யாரோ உடைத்துப் போட்டது. நான் ஃபெவிகால் போட்டு, துணி சுற்றிக் கொடுத்தேன். இதை எழுத வேண்டாம் என்றாள்.)
— மாட்டுங்கா கிரவுண்டில் கிளப்.
— பதினாலுக்குள், ஜில்லா சாம்பியன். பின்வரிசையில் பேக் ஆடினாள்.
— ஸ்டேட் ஜூனியர், இரண்டு வருஷம்.
— பதினேழில் இடது முழங்கால். ஆபரேஷன். ஒன்பது மாதம் வீட்டில்.
— மறுபடி ஆட்டம். ஒரு பாங்க் டீமில் நாலு வருஷம்.
— இந்தியா கேம்புக்கு ஒரு தடவை பெயர் வந்தது, ஸ்டாண்ட்பையில். (இதுவும் வேண்டாமாம்.)
— இருபத்தாறில் ஆட்டத்தை விட்டாள். கோச்சிங் டிப்ளமா. இப்போது ஐந்தாம் வருஷம்.

"கடைசியா ஒரு லைன் போடுங்கப்பா. ஒரு நாளும் வயசு குறைச்சு ஆடினதில்ல."

"இதெல்லாம் எதுக்குட்டி? பீத்துற மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். என்கூட ஆடினவங்க பாதிப் பேர் ரெண்டு வருஷம் குறைச்சவங்க. எனக்குத் தெரியும். இந்தியா ஜெர்சி போடல, பெரிய மெடல் இல்ல. இது ஒண்ணுதான் என் கையில இருக்கு."

அடித்தேன். ஐந்து வார்த்தைக்கு மூன்று தடவை விரல் தப்பியது.

ஜெ.க்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். என் கையெழுத்தில் அதுவும் வராது. அந்தத் தைரியத்தில் இங்கே எழுதுகிறேன். அந்தக் கடைசி வரி நிஜமில்லை. அது அவளுக்குத் தெரியாது. வீட்டில் எனக்கும் என் மனைவி செல்வத்துக்கும் (இனி செ.) மட்டும் தெரியும்.

சுகர்: 168.

பிப்ரவரி 5, வியாழன்

தேங்காய், வெங்காயம், செ.யின் தைலம். தேங்காய் மறந்தேன். திட்டு வாங்கினேன்.

சாப்பிடும்போது ஜெ. ஒரு கட்டுக் காகிதத்தைப் பிரித்தாள். ஒவ்வொரு டோர்னமெண்டிலும் தன் டீம் பிள்ளைகளின் வயதை அவளே ஒரு தடவை பார்த்துவிடுவாள். யாரும் கேட்பதில்லை, இவளாகப் பார்ப்பாள். நஸ்ரீனுடைய பழைய தடுப்பூசி அட்டையும் புது சர்டிபிகேட்டும் ஒத்துப்போகவில்லை. அட்டைப்படி பதினோரு மாதம் கூட. பதினாலு தாண்டிவிட்டது.

"சர்டிபிகேட்டுக்கு ஒரு அஃபிடவிட் வேற. பாருங்க, எவனோ அழகா டைப் அடிச்சுக் குடுத்திருக்கான்."

வாங்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில், மேலிருந்து கீழே, ஒரு கறுப்புக் கோடு.

சோறு புரையேறிவிட்டது. செ. ஓடி வந்து தலையில் தட்டினாள். ஜெ. தண்ணீர் கொடுத்தாள். எவனோ இல்லை, நான்தான். நஸ்ரீனின் அப்பா சாகுல் பாய். தாராவியில் பெல்ட் பட்டறை. போன வருஷம் கடைக்கு வந்தார். என்ன தேதி போடணும் என்று கேட்டேன். சொன்னார். போட்டேன். எந்தப் பிள்ளை, எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் கூட்டம் அடுத்த கடைக்குப் போய்விடும்.

"இப்ப என்ன செய்யப் போற?" என்றேன்.

"நஸ்ரீன் செமி ஆடமாட்டா."

"யாரும் கேக்கலியே."

"நான் கேட்டேன்ல?"

செ. என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

மதியம் நமாஸ் முடித்த கையோடு சாகுல் பாய் கடைக்கு வந்தார். தலையில் தொப்பி, கையில் வெள்ளரிக்காய்ப் பொட்டலம். என் கல்லா மேல் வைத்தார்.

"அண்ணாச்சி, ஒம்ம மவ எம்புள்ளைய வெளிய உக்கார வச்சுட்டாளே."

"ரூல் பாய்."

"ரூலு தெரியாமலா கேக்கேன்? அந்தப் பேப்பர டைப் அடிச்சது நீருதான?"

வெள்ளரிக்காயை எடுத்துக் கடித்தேன். பேச வேண்டாமே என்று.

"நான் என்ன ஏமாத்தவா செஞ்சேன்? ஒண்ணாப்பு சேக்குற நேரம் ஊர்ல எங்க வாப்பாவுக்கு மேலுக்கு முடியல. எல்லாரும் அங்க கெடந்தோம். ஒரு வருசம் போச்சு. திரும்பி வந்தா ஸ்கூல்ல வயசு கூடன்னுட்டான். கொறச்சு எழுதுனேன். அப்ப இவ ஹாக்கி ஆடுவான்னு எனக்கு சொப்பனமா? போன வருசம் பேப்பர் கேட்டாவ. ஸ்கூல் தேதிக்குப் பொருத்தமா ஒம்மகிட்ட வந்தேன்."

இதே கதை. பெயரையும் ஊரையும் மாற்றினால் என் கதை. வாய் வரைக்கும் வந்தது. மறுபடி வெள்ளரிக்காய்.

"நீரு சொன்னா கேப்பாள்லா?"

"என் வீட்டு டி.வி. ரிமோட்டே என் பேச்சக் கேக்காது பாய்."

சிரித்தார். பிறகு எழுந்துகொண்டார்.

"ஒம்ம கடைல அடிச்சதுன்னு நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஒம்ம புள்ளைக்கு அப்பன் மேல உள்ள மருவாதி போயிரும்."

டீ குடிக்காமல் போனார். உட்கார்ந்து நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 7, சனி

செமி ஃபைனல். சொன்னபடி கேட்டுக்கு வெளியே நின்றேன். தகரக் கதவின் அடியில் ஒரு சாண் இடைவெளி. அது வழியாக முழுக்கக் கால்கள்தான் தெரிந்தன. இருபத்திரண்டு ஜோடிக் காலில் எது நம்முடையது என்று யார் கண்டது? பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் "யார் ஜெயிக்கிறது?" என்று கேட்டார். "மஞ்சள் சாக்ஸ்" என்றேன். நிஜமாகவே மஞ்சள் சாக்ஸ்தான் ஜெயித்தது. 1–0. நாங்கள்.

மதியம் தூக்கம் வரவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

ஜெ. பிறந்தது ஊரில், செ.யின் அம்மா வீட்டில், தலைப்பிரசவம். பிப்ரவரி 12. ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தத் தேதிதான் இருக்கிறது. ஜெ.க்கு நாலு வயதாகும்போது செ.க்குக் காசநோய். பிள்ளையை ஊரில் என் தங்கை வீட்டில் விட்டோம். திரும்பக் கூட்டி வரும்போது ஏழு வயது தாண்டிவிட்டது. "ஒன்றாம் வகுப்புக்கு இவ்வளவு பெரிய பெண்ணா?" என்றார் கிளார்க். அவரே வழியும் சொன்னார்: ஜூன் 1 போட்டுக்கொண்டு வா. ஒரு வருஷம் மூன்றரை மாதம் குறைந்தது. எங்கள் வரிசையில் பாதி வீட்டுப் பிள்ளைகள் ஜூன் 1-தான். எல்லாரும் ஒரே நாளில் பிறந்த மாதிரி.

அதுவரை பாவம் ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன்.

பிறகு ஹாக்கி வந்தது. "வயசுக்கு நல்ல பலம் உங்க பெண்ணுக்கு" என்று அப்போதைய கோச் சொன்னார். பல்லைக் காட்டினேன். ஜில்லா ஃபைனல் அன்றைக்கு எதிர் டீம் ஆட்சேபம் கிளப்பியது. இந்தப் பெண்ணுக்குப் பதினாலு தாண்டிவிட்டது என்று. நிஜம்தான், பதினைந்து நடந்துகொண்டிருந்தது. மேஜை, நாலு பேர், என் சர்டிபிகேட். ஒருவர் இந்தியில், "உன் பெண் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வாயா?" என்றார்.

ஜெ. பக்கத்தில் நின்றாள். ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அழுகையை அடக்கி மூக்கு சிவந்திருந்தது. நான் தலையில் கை வைத்தேன். சத்தமாகச் சொன்னேன்.

ஆட விட்டார்கள். ஜெயித்தாள்.

மூன்று வருஷம் கழித்து முழங்கால் போனது. யாரும் இடிக்கவில்லை. சும்மா ஓடித் திரும்பியவள் அப்படியே உட்கார்ந்தாள். பாஸ்டரிடம் மட்டும் சொன்னேன். "அதுவும் இதுவும் வேற, கர்த்தர் அப்படிக் கணக்கு வைக்கிறவர் இல்லை" என்றார். டாக்டரும் தசைநார் என்றார். எனக்குத் தெரிந்தது எனக்கு. அந்தச் சத்தியத்தோடு சரி, பிறகு அவள் தலையில் நான் கை வைத்ததில்லை. ரிசல்ட், பிரயாணம், பண்டிகை, எதற்கும். ஜெபம் பண்ணுவது செ.யின் வேலை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பேன்.

சாயங்காலம் செ. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே:

"சொல்லிருங்களேன்."

"சொன்னா அந்தக் கடைசி வரி போயிரும். அது ஒண்ணுதான் அவ கையில இருக்குங்கா."

"வரன்காரங்க கேட்டா நானும் முப்பத்தொண்ணுன்னுதான் சொல்லுதேன். எனக்கும் அதுல லாபம்தான், கர்த்தர் மன்னிக்கட்டும். ஆனா எம்புள்ள பொறந்த நாள வாய் தொறந்து சொல்ல முடியல பாருங்க. வலிச்சது எனக்குல்லா?"

மேலே எழுத முடியவில்லை. சுகர் 190.

பிப்ரவரி 8, ஞாயிறு

கோயிலுக்குக் காலை ஆராதனை மட்டும். பாதிப் பிரசங்கத்தில் எழுந்து வந்தேன். பாஸ்டர் பார்த்தார்.

ஃபைனல். ஜெ. தண்டனையை ரத்து செய்து, "உள்ள வாங்க, ஆனா வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். நோட்டீஸ் எல்லார் கையிலும் இருந்தது. ஒவ்வொன்றிலும் இடது ஓரத்தில் கறுப்புக் கோடு. யாரும் கவனிக்கவில்லை.

சாகுல் பாய் வந்திருந்தார், நஸ்ரீனோடு. வரமாட்டார் என்று நினைத்தேன். எனக்குப் பின் வரிசை. நோட்டீஸைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, குனிந்து என் காதில், "ஒம்ம மவ தங்கம் அண்ணாச்சி" என்றார். குத்திப் பேசுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. மனதாரத்தான் சொன்னார்.

2–1. தோற்றோம். கடைசி மூன்று நிமிஷத்தில் வலது ஓரத்தில் பந்து இரண்டு தடவை ஆளில்லாமல் வெளியே போனது. அந்த இடத்தில் ஓட வேண்டியவள் என் பின்னால் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். "ஆகே! ஆகே ஜா! முன்னால ஓடு! ஐயோ, வெளிய போகுது!"

ஒரு பெற்றோர்: "நல்லா ஆடுறவள உக்கார வச்சு கப்பத் தானம் பண்ணியாச்சு."
இன்னொருவர்: "கோச்சுக்கு ரொம்ப நேர்மை, பாவம்."

பாவம் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்துக்கு ஓர் அறை கொடுத்திருக்கலாம். வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. கை பற்றி உத்தரவில்லை. ஆனால் எனக்கு மூட்டுவலி.

முடிந்ததும் டீம் பிள்ளைகளை விட அதிகம் அழுதது நஸ்ரீன். ஜெ. மைதானத்தைக் கடந்து வந்து அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். இடது காலை நீட்டித்தான் உட்கார முடியும் அவளுக்கு. என்னவோ பேசினார்கள். எனக்குக் கேட்கவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

ஜெ. பத்து மணி வரை எழவில்லை. செ. தோசையை மூடி வைத்துவிட்டு மூன்று தடவை எட்டிப் பார்த்தாள். நான் இரண்டு தடவை.

கடை. லைட் பில் கட்டினேன். ஒருவருக்குப் பான் கார்டு ஃபாரம். பிறந்த தேதி கேட்டால் "நீங்களே ஒண்ணு போடுங்க சேட்" என்கிறார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வெயில் தொடங்கிவிட்டது. ஜெ. "நஸ்ரீன் வீட்டுக்குப் போகணும், சந்து தெரியாது, கூட வாங்க" என்றாள். தாராவியிலேயே வளர்ந்தவள். ஆனால் வழி கேட்டால் என்னைத்தான் கேட்பாள்.

பட்டறை கீழே, வீடு மேலே. இரும்பு ஏணி. தோலும் சொல்யூஷனும் கலந்த வாடை. ஜெ. ஏணியில் ஒவ்வொரு படியாக, வலது காலை முன்வைத்து ஏறினாள். சாகுல் பாயின் மனைவி கிளாஸில் டீ கொடுத்தார். நஸ்ரீன் மூலையில் நின்றாள்.

ஜெ. நேராக விஷயத்துக்கு வந்தாள்: "பதினேழு வயசு பேட்ச்ல இவள எடுத்துக்கிறேன். பெரிய பிள்ளைங்களோட ஆடட்டும், இவளால முடியும். ஆனா நிஜத் தேதியில பேப்பர் வேணும்."

சாகுல் பாய்க்கு ரோஷம். பெண்டாட்டி, பிள்ளை எல்லாரும் பார்க்கிறார்கள்.

"மேடம், அந்தத் தேதி நெசந்தான். வேணும்னா எம்புள்ள தலைல கை வச்சு—"

கை எழுந்தது. நஸ்ரீன் தலைக்கு ஒரு சாண் இருக்கும்போது ஜெ. அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். கையிலிருந்த டீ என் பேண்ட் மேல் கொட்டியது. என் கையிலிருந்த டீ. நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"வேண்டாம் பாய். கைய எறக்குங்க" என்றாள் ஜெ.

இறக்கினார். பிறகு மெதுவாக, "பதினோரு மாசம்" என்றார். நஸ்ரீன் தரையைப் பார்த்தபடி, "வாப்பா, பரவால்ல" என்றாள்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஏன் அவரத் தடுத்த?"

"அவர் பொய் சொல்லப் போறார்னு அவளுக்குத் தெரியும்ப்பா. நாளைக்கு அதே கைய அவர் பாசமா வச்சாலும் அவளுக்கு இதுதான ஞாபகம் வரும்?" கொஞ்ச தூரம் போய், "ஜில்லா ஃபைனல்ல நீங்க வச்சீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"ம்."

"அத்தன பேர் என்ன சீட்டர்னு சொல்றாங்க. எனக்கே ஒரு செகண்ட் சந்தேகம். நிஜமா இருக்குமோன்னு. உங்க கை தலையில விழுந்துச்சு. நடுங்கவே இல்ல. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. ஆபரேஷன் அப்ப மயக்க மருந்து குடுக்கும்போதுகூட அந்தக் கையத்தான் நினைச்சுக்கிட்டேன். பிள்ளைங்க பேப்பர நான் பாக்கிறதே அதுக்குத்தான். எந்தப் பிள்ளையும் அந்த மேஜை முன்னால அப்படி நிக்கக் கூடாது."

எதிரே கைவண்டிக்காரன் "பாஜூ, பாஜூ" என்று கத்தினான். ஒதுங்கி நின்றேன். நல்லவேளை.

ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பெரியதைச் சொல்ல வராதபோது சிறியதுதான் வெளியே வந்தது.

"ஜெசி, அந்த அஃபிடவிட் நம்ம கடைல அடிச்சது."

நின்றாள்.

"என்னது?"

"அந்தக் கறுப்புக் கோடு இருக்குல்லா. அது நம்ம பிரிண்டர்."

முதலில் சிரித்தாள். ரோட்டில் நின்று இருமல் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"தெரிஞ்சா அடிச்சீங்க?"

"கேக்காம அடிச்சேன்."

"நாளைலேர்ந்து வயசு அஃபிடவிட் கிடையாது. போர்டுலேர்ந்து எடுங்க."

"சரி மேடம்."

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாள். கோபம் ஆறிவிட்டது என்று அர்த்தம்.

பிப்ரவரி 11, புதன்

போர்டில் ‘அஃபிடவிட்’ என்ற சொல்லின் மேல் வெள்ளை பெயிண்ட். காய்வதற்குள் சாகுல் பாய் வந்து நிற்கிறார். கையில் தடுப்பூசி அட்டை.

"நெசத் தேதிக்கு மாத்தணும்னா ஆபீஸ்ல அஃபிடவிட் கேக்காவ அண்ணாச்சி."

தடை முதல் நாளே நீக்கம். ஜெ.க்குப் போன் போட்டேன். "நிஜம்னா அடிங்க" என்றாள். அடித்தேன். ‘உண்மையென உறுதி கூறுகிறேன்’ என்ற வரியை இருபது வருஷமாக அடிக்கிறேன். இன்றுதான் வாசித்தேன்.

"என்ன அண்ணாச்சி, கண்ணு கலங்குது?"

"பெயிண்ட் வாடை பாய்."

நாளை 12. வருஷா வருஷம் அன்றைக்கு செ. பாயசம் வைப்பாள். இதுவரை சொன்ன காரணங்கள்: பால் திரியப் பார்த்தது. சேமியா பழசாகிறது. அப்பாவுக்கு நாக்கு செத்துப்போச்சு. பக்கத்து வீட்டில் கேட்டார்கள். (பக்கத்து வீட்டில் கேட்கவே இல்லை.)

செ.யிடம் சொன்னேன், நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று. "சரி" என்றாள். நம்பவில்லை.

சுகர்: பார்க்கவில்லை. பாயசத்துக்குப் பிறகு எப்படியும் பார்க்க முடியாது.

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் காற்று. துணி ஒன்று கீழ்வீட்டு ஜன்னலில் போய் விழுந்தது. என் பனியன்தான்.

ஜெ. மதிய ரயிலில் புனே போகிறாள். கோச்சுகளுக்குப் பத்து நாள் வகுப்பு. பெட்டியை நான் கட்டினேன்: டிராக்சூட் 3, முழங்கால் பட்டி 2, விசில், ஊறுகாய், தைலம். ஊறுகாயை எடுத்து வெளியே வைத்தாள். செ. மறுபடி உள்ளே வைத்தாள்.

சாப்பாட்டில் பாயசம்.

"என்னம்மா விசேஷம்?"

"ஒங்க அப்பாட்ட கேளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். காலையிலிருந்து மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்றை பாத்ரூமில் சத்தமாகக்கூட. அவள் ஸ்பூனை நக்கிக்கொண்டு, புருவத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"முந்திரி வண்டு வைக்கப் பாத்துச்சு" என்றேன்.

"முந்திரிக்காகப் பாயசமா?" என்று சிரித்து இன்னொரு கிண்ணம் போட்டுக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்குக் கிளம்பினாள். வழக்கம்போல் பெட்டியோடு வாசலுக்குப் போனேன். செ. அசையவில்லை. கையெல்லாம் சோப்பு என்று காட்டினாள். சோப்பைக் காணவில்லை.

"இன்னைக்கு நீங்க ஜெபம் பண்ணுங்க."

"ப்பா, சீக்கிரம், வண்டி போயிரும்" என்று ஜெ. முன்னால் வந்து தலையைக் குனிந்தாள். முட்டி போட அவளால் முடியாது. குனிந்துதான் நிற்பாள். முன்னுச்சியில் இரண்டு நரைமுடி. காகிதக் கணக்கில் முப்பத்தொன்றுக்கு அது கொஞ்சம் அதிகம்.

பெட்டியைக் கீழே வைத்தேன். கையைப் பேண்டில் துடைத்தேன். வைத்தேன்.

பதினெட்டு வருஷம். தலை சூடாக இருந்தது. இந்தத் தடவை கை நடுங்கியது. அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் ஒன்றும் சொல்லாமல் என் கைக்கு அடியில் தலையை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கொடுத்தாள்.

சத்தமாகச் சொன்னவை: பிரயாணம் பத்திரமாக இருக்கணும். முழங்கால் வலிக்கக் கூடாது. அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளணும். நஸ்ரீனுக்குப் பேப்பர் சீக்கிரம் வரணும். செ.யின் இருமல். பிரிண்டர். என்னை மன்னிக்கணும். ("எதுக்குப்பா?" என்று குனிந்தபடியே கேட்டாள். "பொதுவா" என்றேன்.) ஆமென்.

சத்தமாகச் சொல்லாதது: இன்றைக்கு உனக்கு முப்பத்துமூன்று, ஜெசிம்மா.